டி.பி.யு. சைக்கிள் டியூப்: வாங்குவது முதல் ஒட்டுப் போடுவது வரை

சுருட்டி வைத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிரித்தால் மழைக்கோட்டுத் துணி மாதிரிச் சரசரக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பல டியூப்களில் மறுபக்கம் தெரியும். கறுப்பு ரப்பர் டியூபையே பார்த்துப் பழகியவர்கள் இதைக் கையில் வாங்கியதும் கேட்பது ஒன்றுதான்: இதுவா ஆளையும் சைக்கிளையும் தாங்கப் போகிறது? தாங்க வேண்டியது டியூப் அல்ல. பளுவை ஏற்பது டயரும் அதற்குள் அடைபட்ட காற்றும். காற்றை வெளியே விடாமல் வைத்திருப்பது மட்டுமே டியூபின் வேலை. அந்த வேலைக்கு மெல்லிய பிளாஸ்டிக் போதும், பொருத்தமானதை எடுத்து ஒழுங்காக மாட்டினால்.

அந்த 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ரப்பர் டியூப் நம் அவசரத்தையும் அரைகுறை வேலையையும் பொறுத்துக்கொள்ளும். டி.பி.யு. என்ற இந்த மெல்லிய பிளாஸ்டிக் டியூப் பொறுக்காது. அளவு சற்று மாறினாலும், ரிம் டேப் (ரிம்மின் உட்புறம் ஸ்போக் துளைகளை மூடும் பட்டை) கோணலாக இருந்தாலும், உள்ளே ஒரு மடிப்பு விழுந்தாலும் அன்றே கணக்குத் தீர்த்துவிடும். ஆகவே பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் கிராம் கணக்கைக் கடைசியில் பாருங்கள்.

என்ன பொருள் இது?

டி.பி.யு. என்பது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். கைபேசி உறைகளிலும் ஷூக்களிலும் வருகிற அதே குடும்பத்துப் பிளாஸ்டிக். சாதாரண டியூப் பியூட்டில் ரப்பரால் ஆனது. பந்தயக்காரர்கள் வெகுகாலமாக விரும்பும் இளஞ்சிவப்பு டியூப் லேட்டக்ஸ், அதாவது இயற்கை ரப்பர். இரண்டுமே இழுத்து விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். டி.பி.யு. ஓரளவுக்குத்தான் திரும்பும். ஓர் எல்லையைத் தாண்டி விரிந்தால் விரிந்தபடியே நின்றுவிடும். டயருக்கு வெளியே வைத்து ஒரு டி.பி.யு. டியூபை ஊதிப் பெருக்கிவிட்டுக் காற்றை இறக்கிப் பாருங்கள், தொளதொளவென்று தொங்கும். அதை மறுபடி ஒல்லியான டயருக்குள் திணித்தால் மடிப்பு விழாமல் இருக்காது.

எந்த அகல டயருக்கு வாங்கலாம், எவ்வளவு காற்று அடித்து மாட்டலாம், ஒட்டுப் போட்டபின் எங்கே சோதிக்கலாம் என்று கீழே வரும் பல விதிகளுக்கும் இந்த ஒரு குணமே காரணம். மற்ற விதிகளுக்குக் காரணம் அது சூட்டில் இளகும் பொருள் என்பது.

உங்களுக்குத் தேவையா?

700×25 அளவுச் சாலை டயருக்கான சாதாரண பியூட்டில் டியூப் சுமார் 100 முதல் 110 கிராம். மெலிதாகச் செய்த பியூட்டில் 65 முதல் 80. லேட்டக்ஸும் ஏறக்குறைய அதே வரிசை. டி.பி.யு. 35 முதல் 45 கிராம், மிக மெல்லிய ரகங்கள் 20 முதல் 30. 29 அங்குல மலைச் சைக்கிளில் வித்தியாசம் இன்னும் பெரிது: பியூட்டில் 200 கிராமை ஒட்டி இருக்கும், டி.பி.யு. அதில் பாதிக்கும் கீழே.

சாலைச் சைக்கிளில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 140 கிராம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால் அது 0.17 சதவீதம். ஒரு மணி நேரம் பிடிக்கும் செங்குத்தான ஏற்றத்தில் இது சுமார் ஆறு வினாடியை மிச்சப்படுத்தும். அவ்வளவுதான். சக்கர விளிம்பில் குறையும் எடைக்கு இரட்டிப்புப் பலன் என்பார்கள். வேகம் கூட்டும்போது அது உண்மை. ஒரே வேகத்தில் போகும்போது விளிம்பில் இருக்கும் கிராமும் சட்டகத்தில் இருக்கும் கிராமும் ஒன்றுதான்.

எடையைவிட உருப்படியான ஆதாயம் உருளும் தடையில் இருக்கிறது. டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் அமுங்கி நிமிரும்போது உள்ளே இருக்கும் டியூபும் வளைந்து நிமிர்கிறது. தடித்த பியூட்டில் அதில் கொஞ்சம் சக்தியைத் தின்னும். மெல்லிய டி.பி.யு. குறைவாகத் தின்னும். நல்ல, மெலிதான சாலை டயருக்குள் போட்டால் டயர் ஒன்றுக்கு ஒன்றிரண்டு வாட் வரை வித்தியாசம் எதிர்பார்க்கலாம். தடித்த, முள் தடுப்புப் பட்டை வைத்த டயருக்குள் போட்டால் அது தெரியவே தெரியாது. டயரே சக்தியைத் தின்றுகொண்டிருக்கும்போது டியூபில் மிச்சம் பிடிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் சேமிப்பது மாதிரி. முதலில் டயரை மாற்றுங்கள், அப்புறம் டியூப்.

தினமும் வேலைக்குப் போய்வரும் சைக்கிள், 40 மி.மீ. டயர், ரிம் பிரேக், மாதம் மூன்று பஞ்சர் என்றால் பியூட்டிலே மேல். முள்ளுக்கு டி.பி.யு. ஒன்றும் கவசமில்லை. ஆனால் அந்தச் சைக்கிளின் பையிலும் மாற்று டியூபாக ஒரு டி.பி.யு. இருக்கலாம். இந்தப் பொருளின் மிகச் சிறந்த பயனே அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு, அதை மறுப்பதற்கில்லை.

முதல் வேலை: டயரில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் 28-622, 32-622, 57-584 என்று ஓர் எண் ஜோடி அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம் மி.மீ. கணக்கில். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். 622 என்பது 700சி, 29 அங்குலம் இரண்டுக்கும் பொது. 584 என்பது 27.5 அங்குலம். 559 பழைய 26 அங்குல மலைச் சைக்கிள். 406 பெரும்பாலான 20 அங்குலச் சக்கரம். மடிப்புச் சைக்கிளில் 349, 355 கூட வரும். அங்குலக் கணக்கை நம்பி வாங்காதீர்கள், ஒரே அங்குலப் பெயரில் வெவ்வேறு விட்டங்கள் உண்டு.

டியூப் பெட்டியில் 18/28-622 என்றோ 18-32 மி.மீ. என்றோ ஒரு வீச்சு இருக்கும். உங்கள் டயர் அந்த வீச்சுக்குள் இருப்பது மட்டும் போதாது, நடுவில் விழுந்தால் நல்லது. 28 மி.மீ. டயருக்கு 18-28 டியூபும் பொருந்தும், 25-32 டியூபும் பொருந்தும் என்றால் இரண்டாவதை எடுங்கள். வீச்சின் உச்சியில் டியூப் மிக மெலிதாக விரிந்து கிடக்கும், சிறு குறை இருந்தாலும் அங்கேதான் விட்டுப்போகும். அகலமான ரிம்மில் டயர் எழுதியிருப்பதைவிட ஒன்றிரண்டு மி.மீ. பருத்து உட்காரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 28 என்று எழுதிய டயர் 23 மி.மீ. உள் அகலமுள்ள ரிம்மில் 30-ஐத் தொடலாம். வெர்னியர் அளவி இருந்தால் காற்று அடித்த டயரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

மறுபக்கமும் ஆபத்து உண்டு. 32 மி.மீ. டயரில் சில மாதம் ஓடிய டியூபைக் கழற்றி 25 மி.மீ. டயரில் போடாதீர்கள். அது 32-க்கு விரிந்து நிலைத்துவிட்டது. ஒல்லியிலிருந்து அகலத்துக்கு, வீச்சுக்குள் இருந்தால் மாற்றலாம். அகலத்திலிருந்து ஒல்லிக்கு வேண்டாம்.

பிரேக் எது?

பலரும் தாண்டிப் போகும் கேள்வி இது. 80 கிலோ எடை 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறத்தாழ 390 கிலோஜூல் சக்தி எங்காவது போக வேண்டும். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். ஒரு பகுதியைக் காற்றுத் தடை வாங்கிக்கொள்ளும். மீதி பிரேக்குக்கு. டிஸ்க் பிரேக்கில் அந்தச் சூடு சக்கர நடுவே இருக்கும் தட்டில் தங்கிவிடும், டியூபுக்குத் தெரியாது. ரிம் பிரேக்கில் சூடு ஏறுவது ரிம்மிலேயே, டியூபுக்கும் அதற்கும் இடையே ரிம் டேப்பும் டயர் விளிம்பும் மட்டும்.

உள்ளே இரண்டு சங்கதிகள் ஒரே நேரத்தில் நடக்கும். பிளாஸ்டிக் இளகும், கூடவே காற்றழுத்தமும் ஏறும். 30 டிகிரியில் 6 பார் (1 பார் என்பது சுமார் 14.5 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம்) அடித்த டயரின் காற்று 100 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 7.6 பாருக்குப் போய்விடும். இளகிய சுவர், கூடிய அழுத்தம்: மெல்லிய டியூபுக்கு இது போதும்.

எனவே டிஸ்க் பிரேக் என்றால் எந்த ரகமும் எடுக்கலாம். அலுமினிய ரிம்மில் ரிம் பிரேக் என்றால், பெட்டியில் ரிம் பிரேக்குக்கு ஏற்றது என்று வெளிப்படையாக எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். ஒரே நிறுவனத்திலேயே இரண்டும் உண்டு. ஆஸ்திரியாவின் டியூபோலிட்டோ தன் ஆரஞ்சு நிற டியூப்களில் மிக மெல்லிய 'எஸ்-டியூபோ' வரிசையை டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறது. சாலைக்கான எஸ்-டியூபோ 23 கிராம், சாதாரண சாலை ரகம் 39 கிராம். அந்த 16 கிராமில்தான் சூட்டைத் தாங்கும் சுவர் இருக்கிறது. ஜெர்மனியின் ஷ்வால்பே தயாரிக்கும் ஏரோதான், பி.ஏ.எஸ்.எஃப். என்ற வேதிப்பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது; அதன் சாலை ரகம் 41 கிராம்.

கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் பிடிக்கிறவர்களுக்குப் பதில் சுருக்கம்: மலை இறக்கம் இருந்தால் பியூட்டில். கார்பன் சூட்டைப் பரவ விடாமல் பிடித்த இடத்திலேயே வைத்திருக்கும். லேட்டக்ஸுக்கும் இதே எச்சரிக்கைதான்.

வால்வு: பாதி வம்பு இங்கேதான்

இந்த டியூப்களில் வருவது பெரும்பாலும் பிரெஸ்டா, அதாவது ஒல்லியான, நுனித் திருகைத் தளர்த்திக் காற்று அடிக்கும் வால்வு. முதலில் நீளம். ரிம்மின் உயரத்தோடு 15 முதல் 20 மி.மீ. கூட்டுங்கள். 30 மி.மீ. ரிம்முக்கு 45 அல்லது 50, 45 மி.மீ. ரிம்முக்கு 65, அதற்கும் மேலே 85. தேவைக்கு மேல் நீளமாக வாங்காதீர்கள். பிளாஸ்டிக் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பம்ப் மாட்டும்போது நெம்புகோலாக வேலை செய்து அடியில் உள்ள ஒட்டைப் பெயர்க்கும்.

தண்டு பிளாஸ்டிக்கா உலோகமா என்பது அடுத்தது. பிளாஸ்டிக் தண்டு டியூப் சுவரோடு ஒரே பொருளாக உருகி ஒட்டியிருக்கும், எடையும் குறைவு. ஆனால் பெரும்பாலும் வழுவழுவென்று இருக்கும், ரிம் நட்டு போட முடியாது. நெம்பிப் பூட்டும் பம்ப் தலை 5 பாருக்கு மேல் போனதும் 'டப்' என்று கழன்று எகிறும். தண்டைத் துடைத்து ஈரமும் எண்ணெயும் இல்லாமல் வைத்துக்கொண்டு, பம்ப் தலையை முடிந்தவரை ஆழமாக இறக்கிப் பூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பம்ப் தலைக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருந்தால் டியூபைத் திட்டிப் பயனில்லை, வளையத்தை மாற்றுங்கள். உலோகத் தண்டு சில கிராம் கூடுதல், பம்ப் உறுதியாகப் பிடிக்கும். வாரம் இருமுறை காற்று அடிக்கிறவருக்கு உலோகத் தண்டே நிம்மதி. அது டியூபோடு சேரும் இடம் மட்டும் நன்றாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மட்டமான டியூப்களில் கசிவது அந்த இணைப்பில்தான்.

உள் வால்வைத் திருகிக் கழற்ற முடியுமா என்றும் பாருங்கள். முடியும் என்றால் வாங்கியவுடன் அதற்கான சிறு சாவியால் ஒருமுறை மென்மையாக இறுக்கிவிடுங்கள். திருகு வகைப் பம்ப் தலையைக் கழற்றும்போது உள் வால்வும் சேர்ந்து கழன்று, அடித்த காற்று முழுவதும் ஒரே மூச்சில் போய்விடுவது அன்றாடக் கதை.

சக்கரத்தைத் தயார் செய்தல்

டியூபைப் பிரிக்கும் முன் ரிம்முக்கு ஒரு கால் மணி நேரம் கொடுங்கள். ரிம்முக்குள் கட்டைவிரலை வைத்து டேப் மேல் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஸ்போக் துளைகளின் மேல் டேப் குழிந்திருந்தால் டியூப் அந்தக் குழிக்குள் தள்ளப்படும். பியூட்டில் அங்கே உப்பி நிற்கும். மெல்லிய டி.பி.யு. குழிக்குள் நீண்டு நீண்டு கிழியும். டேப் ஒருபக்கம் நகர்ந்து துளையின் விளிம்பு பிறைநிலா மாதிரித் தெரிந்தாலும் அதே முடிவு. டேப்பின் அகலம் ரிம்மின் உள் அகலத்துக்குச் சமமாகவோ இரண்டு மி.மீ. கூடுதலாகவோ இருக்கட்டும். டியூப் இல்லாமல் ஓடும் டியூப்லெஸ் டயருக்கென வரும் டேப்பை இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று ஒட்டுவது நல்ல ஏற்பாடு. ரப்பர் பட்டை மாதிரி வருகிற மலிவான ரிம் டேப்பைத் தூக்கிப் போடுங்கள், அழுத்தத்தில் நகரும்.

அடுத்து வால்வுத் துளை. பிரெஸ்டாவுக்குரிய துளை சுமார் 6.5 மி.மீ. அதன் உள் விளிம்பில் விரல் நுனியை வைத்தால் பிசிறு தட்டுப்படக்கூடாது. தட்டுப்பட்டால் உருண்டை அரத்தாலோ மடித்த உப்புத்தாளாலோ மழுக்குங்கள். டேப்பில் வால்வுக்கான துளையைக் கத்தியால் குறுக்கு வெட்டாக வெட்டாமல், சூடான கம்பியால் வட்டமாகத் துளையுங்கள். வெட்டு கிழிந்து நீளும், உருகிய துளை நீளாது. ரிம் துளை 8.5 மி.மீ. என்றால் அது கார் வால்வு மாதிரியான ஷ்ரேடருக்குப் போட்டது. பிரெஸ்டாவுக்குச் சிறு அடைப்பு வளையம் இல்லாமல் மாட்டாதீர்கள்.

டயரின் உட்பக்கத்தை விரலால் தடவினால் முள் விரலைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். ஒரு பஞ்சு உருண்டையை உள்ளே தேய்த்துக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத கம்பித் துணுக்குகூடப் பஞ்சு இழையைப் பிடித்து நிறுத்தும்.

மாட்டும் முறை

1. டயரின் ஒரு விளிம்பை மட்டும் ரிம்மில் ஏற்றுங்கள். டயரில் அச்சிட்ட பெயர் வால்வுத் துளைக்கு நேராக இருக்கட்டும். இது அழகுக்காக அல்ல. பின்னால் பஞ்சர் ஆனால் டியூபில் ஓட்டை இருக்கும் இடத்தைக் கொண்டு டயரில் முள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும்.

2. டியூபில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று. கைப்பம்பில் இரண்டு மூன்று தடவை. சுருக்கம் நீங்கி வளையமாக நின்றால் நிறுத்துங்கள். விரலால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் அமுங்க வேண்டும்.

3. வால்வைத் துளையில் நேராக நுழையுங்கள். அங்கிருந்து இரு பக்கமும் சமமாக டியூபை டயருக்குள் தள்ளிக்கொண்டு போய் எதிர்ப்புறத்தில் சந்திக்கவிடுங்கள். முறுக்கு இருந்தால் டியூபின் ஒட்டுக்கோடு காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் நீளம் மிஞ்சியது போலத் தெரிந்தால் ஒரே இடத்தில் மடித்துச் செருகாமல் சுற்றளவு முழுவதும் பகிர்ந்துவிடுங்கள். ஒரு மடிப்பு என்பது பின்னாளில் ஒரு கசிவு.

4. இரண்டாவது விளிம்பை வால்வுக்கு எதிர்ப்புறத்திலிருந்து ஏற்றத் தொடங்கி வால்வருகே முடியுங்கள். ஏற்றிய பகுதியை இரு கைகளாலும் கிள்ளி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் தேவையான தளர்வு கிடைக்கும். இறுகும்போது உள்ளே இருக்கும் காற்றைக் கொஞ்சம் விடுங்கள்.

5. கடைசிக் கையகல தூரத்தைக் கட்டைவிரல்களால் உருட்டி ஏற்றுங்கள். டயர் லீவர் இல்லாமல் முடியாது என்றால் பிளாஸ்டிக் லீவர், நுனி மட்டும், மெதுவாக. உலோக லீவரை இந்த டியூபுக்குப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். இத்தனை மெல்லிய சுவரை ஒருமுறை கிள்ளினால் போதும், அடுத்த நிமிடமே சப்பை.

6. வால்வை ஒருமுறை உள்நோக்கித் தள்ளி விடுங்கள். அதன் அடிப்பாகம் டயர் விளிம்புக்குக் கீழே சிக்கியிருந்தால் விடுபடும்.

7. இனி பலரும் செய்யாமல் விடுவது. டயரை ஒருபக்கமாக ஒதுக்கி, ரிம்முக்கும் டயருக்கும் இடையே டியூப் எட்டிப்பார்க்கிறதா என்று சுற்றளவு முழுவதும் பாருங்கள். மறுபக்கமும் அப்படியே. நிறமுள்ள டியூப்களில் ஒரு நூலளவு தெரிந்தாலும் கண்ணில் படும்.

8. 1 பார் வரை அடித்து நிறுத்துங்கள். டயர் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா பாருங்கள். ஓரிடத்தில் ஆழ்ந்தோ எழுந்தோ இருந்தால் காற்றை இறக்கிப் பிசைந்து சரி செய்யுங்கள். பிறகு 2 பார், மறுபடி ஒரு பார்வை, அப்புறம் வேண்டிய அழுத்தம்.

மெல்லிய டியூப் போட்டதற்காகக் காற்றழுத்தத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அது டயர், ரிம், உங்கள் எடை சம்பந்தப்பட்ட கணக்கு. கொக்கியில்லாத ரிம் (டயர் விளிம்பைப் பிடிக்கும் வளைவு இல்லாத, 'ஹுக்லெஸ்' எனப்படும் ரிம்) என்றால் உச்ச வரம்பு 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.; டியூப் போட்டாலும் அதே வரம்பு, டயரும் அந்த ரிம்முக்கு அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

அன்றைக்கே நூறு கிலோமீட்டருக்குக் கிளம்பாதீர்கள். இரவு முழுக்க நிற்கவிட்டுக் காலையில் அழுத்தமானியால் பாருங்கள். லேட்டக்ஸ் தினமும் காற்றைக் கணிசமாக விடும், டி.பி.யு. அவ்வளவு விடாது. ஒரே இரவில் 1 பாருக்கு மேல் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது, முதலில் உள் வால்வைச் சந்தேகியுங்கள். ரிம்மில் நட்டு இல்லாததால் வால்வு கடகடக்கும் என்றால் துளையைச் சுற்றி ஒரு துண்டு டேப் ஒட்டி, நடுவே துளைத்து வால்வை அதன் வழியாக விடுங்கள்.

பஞ்சரும் ஒட்டும்

ரப்பர் டியூபுக்குப் பழகிய சொல்யூஷனும் கறுப்பு ஒட்டும் இதில் பிடிக்காது. அந்தப் பசை ரப்பரோடு வேதியியல் முறையில் ஒன்றாவதற்குச் செய்யப்பட்டது. பிளாஸ்டிக் மேல் காய்ந்து பொருக்காக உரிந்துவிடும். டி.பி.யு.வுக்கென்றே வருகிற, பின்பக்கம் பசையுள்ள ஒளிபுகும் ஒட்டுகளை வாங்கிப் பையில் வைத்திருங்கள்.

ஓட்டையைத் தேடுவதில்தான் சிரமம். பலமாக ஊதிப் பார்க்க முடியாது, விரிந்துவிடும். லேசாக ஊதிய டியூபைத் தண்ணீருக்குள் பகுதி பகுதியாக அமிழ்த்தி, ஓட்டையைக் கண்டதும் எழுதுகோலால் சுற்றி வட்டம் போடுங்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் உதட்டருகே பிடித்து நகர்த்தினால் சிறு காற்றும் தெரியும். காற்றை முழுவதும் வெளியேற்றித் துடைத்து உலரவிட்டு, ஆல்கஹால் நனைத்த துடைப்பானால் வட்டத்தைச் சுத்தம் செய்யுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். ரப்பரில் அது தேவை, இங்கே சுவரைத்தான் மெலிதாக்கும். தின்னர், அசிட்டோன் பக்கமும் போகாதீர்கள், பிளாஸ்டிக்கையே அவை கெடுக்கும். ஆல்கஹால் ஆவியானதும் ஒட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டி, ஒன்றிரண்டு நிமிடம் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள்.

ஒட்டியதும் ஊதிச் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டியூப் விரியும், ஒட்டு அதே அளவு விரியாது, ஓரம் எழும்பிவிடும். டயருக்குள் போட்டு, டயர் சுவர் வெளியிலிருந்து ஒட்டை அழுத்திப் பிடிக்கும் நிலையில் காற்று அடியுங்கள். அதுவே சோதனை. வால்வின் அடியிலோ ஒட்டுக்கோட்டிலோ கிழிந்தால் ஒட்டு வேலைக்காகாது.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். வெளிச்சுற்றில் ஒற்றை ஓட்டை என்றால் முள்ளோ கண்ணாடியோ, அது இன்னமும் டயரில் இருக்கலாம். பக்கத்தில் பாம்பு கடித்தது போல இரண்டு என்றால் குழியில் இறங்கி ரிம்மோடு நசுங்கியது, காற்றழுத்தம் போதவில்லை. உட்சுற்றில் என்றால் ரிம் டேப்பைப் பாருங்கள். நீளமான கீறல் என்றால் மாட்டும்போது டயர் விளிம்புக்கு அடியில் சிக்கியது. உட்சுற்றிலேயே திரும்பத் திரும்ப ஓட்டை விழுந்தால் டியூபை மாற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை.

பையில் வைக்கும் மாற்று டியூப்

டியூப்லெஸ் ஓட்டுகிறவர்களும் ஒன்று வைத்திருப்பது நல்லது. ஆனால் டியூப்லெஸ் டயரில், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் திரவம் அடைத்துவிட்ட பழைய முட்கள் நுனி நீட்டியபடி உள்ளேயே குத்திக்கொண்டிருக்கும். திரவம் இருந்தவரை தெரியாது. வழியில் டியூபைப் போடுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுவதையும் தடவி ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். டியூப்லெஸ் வால்வைக் கழற்ற மறக்காதீர்கள். அதன் நட்டு கையால் திறக்க முடியாதபடி இறுகியிருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்து வையுங்கள்.

காற்று அடிக்கச் சிறு வாயுக் குப்பி வைத்திருப்பவர்கள் டியூப் பெட்டியில் அதற்கு அனுமதி இருக்கிறதா பார்க்க வேண்டும். குப்பியிலிருந்து பாயும் கார்பன் டை ஆக்சைடு உறைகுளிராக இருக்கும். அதையும் பிளாஸ்டிக் தண்டையும் திடீரென்று சந்திக்கவிடாமல் சிறிது சிறிதாகத் திறந்துவிடுங்கள். கைப்பம்ப் என்றால் நேரடியாகத் தண்டில் பூட்டாமல் சிறு குழாய் வைத்தது நல்லது. நேரடியாகப் பூட்டி வேகமாக அடித்தால் ஒவ்வோர் அடிக்கும் தண்டு வளைந்து நிமிரும்.

மடித்து வைக்க: வால்வைத் திறந்து, எதிர் முனையிலிருந்து வால்வை நோக்கி இறுக்கமாகச் சுருட்டிக் காற்றை வெளியேற்றி, வால்வை மூடுங்கள். வால்வு நுனி டியூபைக் குத்தாதபடி அதற்கு மூடி போட்டு, ஒரு பழைய காலுறைக்குள் திணித்து, கருவிகளுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். சேணப் பையில் மாதக்கணக்கில் ஸ்பானரோடு குலுங்கிய டியூப் எடுக்கும்போதே ஓட்டையாக வருவது புதிதல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, உருவம் வரும் அளவுக்கு ஊதி, ஓர் இரவு வைத்துப் பார்த்துவிட்டு, முன்பு மடிந்த இடத்திலேயே மடியாமல் வேறு விதமாகச் சுருட்டி வையுங்கள். ஒட்டுகளின் பசையும் நாளாக ஆகக் காயும், அதே நாளில் அவற்றில் ஒன்றின் ஓரத்தைக் கிள்ளிப் பாருங்கள்.